ராட்ஜர்ஸ் எங்களுக்கு வேண்டாம், கீதா

பிட்ஸ்பர்க்
மே 18, 2025

அன்புள்ள கீதா,

பொங்கல் வாழ்த்தோடு சரி, அதற்கப்புறம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நீயும் எழுதவில்லை, ஆகவே கணக்கு நேர். இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. பெரியவன் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். போன வாரம் மீனாவிடம் பேசினேன். அந்தப் பச்சைப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறாளாம். நீயே அவளிடம் கேட்டுக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை அட்டவணை வந்ததே, பார்த்தாயா? செப்டம்பர் 7, எங்கள் பிட்ஸ்பர்க் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸின் முதல் ஆட்டமே உங்கள் ஊரில், உங்கள் நியூயார்க் அணியான ஜெட்ஸோடு. நாங்கள் நாலு பேரும் சனிக்கிழமையே காரில் கிளம்பி வருகிறோம். உன் வீட்டில்தான் தங்கல். ஆனால் எங்கள் பக்கம் குவார்ட்டர்பேக்காக நின்று பந்து வீசி ஆட்டத்தை நடத்தப் போவது யார் என்று மே மாதம் பாதி போன பிறகும் யாருக்கும் தெரியாது. இதுதான் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

உங்கள் பழைய குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் மார்ச் 21 அன்று எங்கள் அணியில் சேருவது பற்றி இங்கே வந்து ஆறு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அதிலிருந்து ஊரே இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருக்கிறது. இன்று காலை பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலில் புளியோதரைக்கு வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள் இதே பேச்சு. ஒருவர் தோளில் அங்கவஸ்திரம், கையில் தொன்னை. "நாலு தடவை எம்விபி, அதான் சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கின கைங்க அது, சும்மாவா?" என்கிறார். மற்றவர், "கை சரி, காலு?" என்கிறார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாளும் சேர்ந்துகொண்டார். வரிசை நகர்ந்ததுகூடத் தெரியாமல் பேசினோம்.

கால் என்றதும் உன் ஞாபகம்தான் வந்தது. 2023 செப்டம்பர் 11. அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் மைதானத்துக்குள் ஓடி வந்ததைப் பார்த்துவிட்டு நீ எனக்குப் போன் செய்தாய். நான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் கைக்கு வந்த நாலாவது பந்திலேயே எதிரணி பஃபலோக்காரர் வந்து சாய்த்தார். ராட்ஜர்ஸ் எழுந்து நின்றார், ஒரு கணம் பார்த்தார், அப்படியே மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது என்று மறுநாள்தான் சொன்னார்கள். நீ அவர் உட்கார்ந்தபோதே "போச்சுடி" என்றாய். அன்று உங்கள் அணி ஜெயித்ததுகூட உனக்கு ருசிக்கவில்லை.

அப்புறம் 2024. பதினேழு ஆட்டமும் ஆடினார், அதை மறுக்க மாட்டேன். 28 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தந்த வீச்சு), 11 இன்டர்செப்ஷன் (எதிராளி பறித்த வீச்சு). எண்ணை மட்டும் பார்த்தால் மோசமில்லை. ஆனால் 5 வெற்றி, 12 தோல்வி. ஐந்தாவது ஆட்டத்தோடு கோச் சாலே வீட்டுக்குப் போனார், அப்புறம் ஜெனரல் மேனேஜர் போனார். அக்டோபரில் ஜெட்ஸ் இங்கே வந்தபோது நான் மைதானத்தில் இருந்தேன். 37-15 என்று நாங்கள் ஜெயித்தோம். டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துக் கல்லூரிப் பையன்களை எடுக்கும்போது, யாருமே எடுக்காத எங்கள் புதுப் பையன் பீனி பிஷப் அவருடைய பந்தை இரண்டு தடவை பறித்தான். நான் மஞ்சள் துண்டைச் சுழற்றித் தோள்பட்டை விட்டுப்போனது. ஆனால் கடைசிக் கால் பாகத்தில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய ராட்ஜர்ஸ் ஆளைத் தன் பக்கம் இழுத்து, நழுவி, ஓடிக்கொண்டே வீசுவார். அன்று யாராவது கிட்டே வந்தாலே அவசரமாகப் பந்தைக் கைகழுவினார். அந்தக் கால்மேல் அவருக்கே நம்பிக்கை இல்லாதது எனக்கு மேல்தட்டு இருக்கையிலிருந்தே தெரிந்தது.

ராட்ஜர்ஸ் வரட்டும் என்று பெரியவன் என்னோடு தினம் சண்டை. பழைய குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வைக் காட்டுகிறான். அவரும் ராட்ஜர்ஸ் மாதிரியே கிரீன் பே, அப்புறம் ஜெட்ஸ், அப்புறம்தானே மினசோட்டா? 2009இல், நாற்பது வயதில், 33 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் என்கிறான். சரி. அந்த வருஷம் எதில் முடிந்தது? நியூ ஆர்லியன்ஸில் அவர் கடைசி நேரத்தில் எதிராளி கையில் வீசிய பந்தில். அடுத்த வருஷம்? 11 டச்டவுன், 19 இன்டர்செப்ஷன், பாதியில் கோச் வேலை போனது, 6 வெற்றி, 10 தோல்வி. ஒரு வருஷ வெளிச்சத்தை மட்டும் காட்டாதே என்றேன். உடனே டென்வரில் ஆடிய பெய்டன் மேனிங்கை எடுக்கிறான். 2015இல் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன், ஆனாலும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் கோப்பை! அது உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பையை டென்வரின் தற்காப்பு அல்லவா தூக்கிக் கொடுத்தது? எங்கள் தற்காப்பு ஜனவரியில் பால்டிமோரில் என்ன செய்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஓடியே 299 கெஜம் கொடுத்தது. அவர்களுடைய டெரிக் ஹென்றி எங்கள் ஆட்கள் மேல் ஏறி நடந்து போனார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் டிராஃப்டில் 21ஆவதாக டெரிக் ஹார்மனை எடுத்திருக்கிறார்கள். அது நல்ல காரியம். அந்த ஆட்டத்தில் பந்து வீச ராட்ஜர்ஸ் இருந்திருந்தாலும் நாங்கள் தோற்றுத்தான் இருப்போம்.

என் கட்சி இதுதான் கீதா. எங்கள் குவார்ட்டர்பேக் பென் ராத்லிஸ்பர்கர் 2022 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அதற்கப்புறம் அந்த இடத்தில் ட்ருபிஸ்கி, பிக்கெட், ருடால்ஃப், ஃபீல்ட்ஸ், ரசல் வில்சன். போன வருஷம் இதே கதைதான்: டென்வர் வேண்டாம் என்று அனுப்பிய வில்சனை மலிவாகப் பிடித்தோம். 10 வெற்றி, 3 தோல்வி வரை ஊர் ஆடியது, பிறகு வரிசையாக ஐந்து தோல்வி, அவரும் நியூயார்க் ஜயன்ட்ஸுக்குப் போய்விட்டார். எங்கள் கோச் டாம்லின் 2007இலிருந்து ஒரு வருஷம்கூடப் பாதிக்குக் கீழே இறங்கியதில்லை. அது பெரிய சாதனை, அவரை நான் குறை சொல்லிக் கேட்டிருக்க மாட்டாய். ஆனால் வருஷா வருஷம் ஒன்பது, பத்து ஜெயித்தால், அதிகம் தோற்றவர்களுக்கே முதல் முறை தரும் டிராஃப்டில் எங்களுக்கு இருபதுக்குப் பக்கத்தில்தான் முறை வரும், அங்கே நல்ல குவார்ட்டர்பேக் கிடைப்பது அபூர்வம். பருவக் கடைசியில் வரும் பிளே ஆஃபில் 2017 ஜனவரியில் ஜெயித்ததுதான் கடைசி, அதற்கப்புறம் வரிசையாக ஆறு தோல்வி. 41 வயதுக்காரர் வந்தால் இன்னொரு பத்து வெற்றி வரும், இன்னொரு ஜனவரித் தோல்வி வரும். அடுத்த ஏப்ரலில் டிராஃப்ட் எங்கள் ஊரிலேயே நடக்கிறது. அன்று மேடையில் ஒரு இளம் குவார்ட்டர்பேக்கின் பெயரைக் கூப்பிட வேண்டும், நான் அங்கே நிற்க வேண்டும். பிறகு பெரும்புகழ் பெற்ற குவார்ட்டர்பேக் ஜானி யுனைடஸை 1955இல் ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் அனுப்பிய ஊர் இது. அதேபோல இங்கேயே பிறந்த டான் மரினோவை 1983இல் விட்டுவிட்ட ஊர். இன்னொரு முறை வேண்டாம். இந்த வருஷம் ருடால்ஃபை வைத்து ஓட்டட்டும், ஆறாவது சுற்றில் எடுத்த வில் ஹவர்டுக்கும் நாலு ஆட்டம் கொடுக்கட்டும்.

எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் கேம் ஹேவர்டை நினைத்தால் மட்டும் என் வாதம் ஆட்டம் கண்டுவிடுகிறது. முப்பத்தாறு வயது. நாங்கள் இதே ராட்ஜர்ஸிடம் 31-25 என்று சூப்பர் பவுலில் தோற்ற சில வாரங்களில் டிராஃப்டில் வந்தவர். அதற்கப்புறம் நாங்கள் சூப்பர் பவுலை எட்டவே இல்லை. அவரோடு தற்காப்பில் ஆடும் வாட் 2017இல் வந்தார், பிளே ஆஃபில் ஒரு வெற்றிகூடப் பார்த்ததில்லை. "அவர்களைக் காத்திருக்கச் சொல்வாயா அம்மா?" என்று பெரியவன் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பந்தைப் பிடிக்க மெட்காஃபுக்குக் கோடிகோடியாகக் கொடுத்துக் கூட்டி வந்துவிட்டு, பந்து பிடிக்கும் இன்னொருவரான பிக்கன்ஸை டாலஸுக்கு அனுப்பிவிட்டு, வீச ஆளில்லாமல் நிற்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்கிறான். பாதி நியாயம் அவன் பக்கம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரலில் ராட்ஜர்ஸ் பேசியதைக் கேட்டேன். நெருங்கியவர்கள் கஷ்டமான நிலையில் இருக்கிறார்கள், மனம் அங்கே இருக்கிறது, பணம் முக்கியமில்லை என்றார். உன் அப்பா திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ ஆபீஸ் மெயில் ஒன்றுக்கும் பதில் போடாமல் கிடந்தாயே, அந்த முகம்தான் தெரிந்தது. அப்படி இருக்கிற மனிதரை "சீக்கிரம் சொல்" என்று நெருக்க யாருக்கும் உரிமை இல்லை. அவர் வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளட்டும். என் கோபம் எங்கள் நிர்வாகத்தின் மேல்தான். ஆறு கோப்பை வாங்கிய அணி வேறு திட்டமே போடாமல் ஒருவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமா?

நீ இரண்டு வருஷம் வாரா வாரம் அவரைப் பார்த்தவள், அதனால் உன்னைக் கேட்கிறேன். உங்களுக்குக் கெட்டுப்போனது அவருடைய காலா, உங்கள் நிர்வாகமா? கடைசியில் மயாமியை எதிர்த்து நாலு டச்டவுன் வீசினாரே, அது பழைய ஆளா, இல்லை ஆட்டத்தில் பணயம் எதுவும் இல்லாததால் வந்ததா? உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை எழுதாதே, அவர் எங்களிடமிருந்து ஃபீல்ட்ஸ் உங்கள் அணிக்கு வந்த சந்தோஷத்தில் இருப்பார். நீ பார்த்ததை எழுது. எங்கள் அணியின் பயிற்சி முகாமான மினி கேம்ப் ஜூன் 10 அன்று ஆரம்பிக்கிறது, அதற்குள் பதில் வேண்டும். டிக்கெட் எந்தப் பக்கம் எடுத்தால் வெயில் அடிக்காது என்றும் சொல்.

அன்புடன்,
உமா