பச்சை பாட்டிலும் இரண்டரை மணி நேர வெயிலும்

அனுப்புநர்:
உங்கள் பீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடிப்பவன்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பீர் இறக்குமதி மற்றும் விநியோக நிறுவனம்.

பொருள்: வெயிலில் கெட்டுப்போன 96 பாட்டில் பில்ஸ்னர் பீரைத் திரும்ப எடுக்க மறுத்தது குறித்து.

ஐயா,

வணக்கம். இது என் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் நான்கே வரி. அதில் ஒரு வரி நன்றி. இன்னொரு வரி, பாரில் ஃப்ரிட்ஜ் சரியில்லாததால் பீர் கெட்டிருக்கலாம் என்றது. அந்த ஃப்ரிட்ஜை உங்கள் ஆட்கள் யாரும் இதுவரை வந்து பார்த்ததில்லை. எனவே இந்த முறை கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த பாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. போர்டில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை ஆயில் பெயிண்ட். அதற்கு மேல் என்ன நிறம் அடித்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. நாலு காலும் தரையில் படுகிற நாற்காலி வேண்டுமென்றால் சீக்கிரம் போகவேண்டும். கழிவறையைப் பற்றி எழுதமாட்டேன். புகார் உங்கள் மேல்தான், அவர்கள் மேல் இல்லை.

ஆலைச் சங்கு ஊதிய காலத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நம்பி நடந்த கடை அது. ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்து, 2020-ல் ஏஎஃப்டி பஞ்சாலையும் மூடியபிறகு கூட்டம் கரைந்துபோனது. குவார்ட்டருக்கு வருகிற ஆள் குறைந்தால் என்ன, நல்ல பீருக்கு அலைகிற ஆளைப் பிடிப்போம் என்று ஓனர் அண்ணன் ஒரு ஃப்ரிட்ஜை முழுசாக ஒதுக்கினார். இன்று அதில் செக் பில்ஸ்னர் இருக்கிறது, ஜெர்மன் கோதுமை பீர் இருக்கிறது, பெல்ஜியத்துத் துறவிகள் மடத்தில் காய்ச்சுகிற கறுத்த பீர் இருக்கிறது, கசப்பு தூக்கலான உள்நாட்டு ஐபிஏ பீர் கேன் இருக்கிறது. ஒயிட் டவுனில் மெழுகுவத்தி ஏற்றிவைத்த சில இடங்களில் மெனு அட்டையை விரித்தால் இதில் பாதிகூடத் தேறாது.

வாங்கி அடுக்கினால் போதுமா என்று கேட்பீர்கள். அங்கே இருக்கும் சப்ளையர் பையன் கோதுமை பீர் ஊற்றுவதை ஒருநாள் வந்து பாருங்கள். கிளாஸைத் தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து, நுரை எகிறாமல் மெதுவாக ஊற்றுவான். அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் வைத்து, பாட்டிலை நாலு சுற்றுச் சுழற்றி, படிந்திருக்கும் ஈஸ்ட்டைக் கலக்கி மேலே விடுவான். வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்த அந்த வாசனை அப்போதுதான் முழுசாக எழும். தொட்டுக்கொள்ள அவித்த வேர்க்கடலையும் மிளகாய்த்தூள் போட்ட மாங்காயும். கீழே நாற்காலி ஆடிக்கொண்டிருக்கும், அது வேறு விஷயம்.

சரி, நடந்தது இதுதான். போன மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை. பகல் 12:15-க்கு உங்கள் வேன் வந்தது. நான்கு தட்டு பில்ஸ்னர், தட்டுக்கு 24 பாட்டில். மூடிய அட்டைப்பெட்டி கிடையாது. அடியில் மட்டும் அட்டை, மேலே கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாள். எல்லாமே பச்சை பாட்டில்கள். ஓனர் செக் புத்தகத்தோடு வெளியே போயிருந்தார். செக் கைக்கு வராமல் சரக்கு உள்ளே போகக்கூடாது என்பது கம்பெனி ரூல் என்றார் உங்கள் ஆள். நிழலிலாவது வையுங்கள் என்று பையன் கேட்டான். வண்டியை நகர்த்தணும் என்று சொல்லிவிட்டு, நான்கு தட்டையும் எதிர்ச் சுவர் ஓரம் வெயிலில் இறக்கி வைத்தார். அப்புறம் அவர் டீ குடிக்கப் போய்விட்டார். ஓனர் வந்து செக் எழுதிச் சரக்கு உள்ளே போனபோது மணி 2:45. நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். நானே எழுந்துபோய் ஒரு தார்ப்பாயை இழுத்து மூடியிருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு ஒரு பாட்டிலைத் திறந்ததுமே, அடுப்பை அணைக்க மறந்துவிட்டோமோ என்பது மாதிரி கேஸ் நாற்றம். பக்கத்து மேசைக்காரர் டூப்ளிகேட் சரக்கு என்று கத்த ஆரம்பித்தார். ஓனர் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன்.

நான் மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவன். பேட்ச் எண்ணைப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் முந்தைய லோடில் மிஞ்சிய மூன்று பாட்டில்கள் இருந்தன. எடுத்துப் பார்த்தால் அதே பேட்ச், காலாவதித் தேதியும் அதே. சப்ளையர் பையன் எங்களுக்குத் தெரியாமல் பழையதையும் புதியதையும் ஆறு எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி இடம் மாற்றி வைத்தான். ஓனர், நான், டூப்ளிகேட் என்று கத்தியவர், மூன்று பேருமே எது சனிக்கிழமைச் சரக்கு என்று முகர்ந்தே சொல்லிவிட்டோம். ஒரே ஃப்ரிட்ஜ், ஒரே பேட்ச். வித்தியாசம் அந்த இரண்டரை மணி நேரம்தான்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் உடையும். பீரில் இயல்பாக இருக்கும் ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) அதற்குத் துணைபோகும். உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து தயோல் என்ற நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மமாக மாறும். சமையல் கேஸ் கசிவது தெரியவேண்டும் என்று கலக்கிறார்களே எத்தில் மெர்கேப்டன், அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்பு பாட்டில் அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், பச்சை பாட்டிலால் முடியாது. டானிக் பாட்டில்கள் ஏன் பழுப்பாக இருக்கின்றன என்று நினைக்கிறீர்கள்? கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் சூடானால் பீர் கெடாது என்று சொல்லவில்லை. அது நாள்பட நாள்பட ஈர அட்டை மாதிரி அடிக்கும். இந்த நாற்றம் அது இல்லை. தட்டின் நடுவில் இருந்த சில பாட்டில்கள் தப்பியிருக்கவும் கூடும். ஆனால் எது தப்பியது என்று மூடியைத் திறக்காமல் யாரால் சொல்லமுடியும்?

இதையெல்லாம் உங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் ஓனர் சொன்னார். அவர் சொன்ன பதிலை நானும் காதால் கேட்டேன்: “இந்த மாதிரி கடைக்கு எதுக்கு சார் இம்போர்ட்டட் பீர்? ஸ்ட்ராங் பீர் மட்டும் எடுங்க, ஒரு பிரச்சினையும் வராது.” அடுத்த மாதப் பட்டியலில் பில்ஸ்னரும் கோதுமை பீரும் காணோம்.

எனக்கு எரிச்சல் இங்கேதான். இதே பில்ஸ்னர் பீச் ரோடு பக்கத்து ஹோட்டல்களுக்குப் போகும்போது உங்கள் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமிலேயே அடுக்கித் தருகிறார்கள். பணம் மாதக் கடைசியில் வந்தால் போதும். சந்துக் கடை என்றால் செக் வரும்வரை சரக்கு தெருவில் கிடக்கவேண்டும், கெட்டுப்போனால் கடைக்காரன் ஃப்ரிட்ஜ் சரியில்லை. பாட்டிலுக்கு நான் கொடுக்கும் காசில் உங்கள் லாபமும் இருக்கிறது. சுவரின் பெயிண்டைப் பார்த்து அந்த லாபத்தைக் குறைத்துக்கொள்கிறீர்களா என்ன?

அந்த 96-ல் நாங்கள் திறந்தவை போக மற்றதை எடுத்துக்கொண்டு, 96-க்கும் வேறு சரக்கு கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்புங்கள். கடனுக்குத் தரமுடியாது என்றால் அது உங்கள் வியாபாரம், நான் தலையிடவில்லை. ஆனால் செக் வரும்வரை சரக்கு வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டு பீரையும் அந்தக் கடையின் பட்டியலில் மறுபடி சேருங்கள்.

மூடி திறக்காத இரண்டு பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம். பேட்ச் எண்ணின் படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். உங்கள் தரக்கட்டுப்பாட்டு ஆள் மாலை ஆறு மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம். டம்ளர் நாங்கள் தருகிறோம். வாசல் பக்கம் இரண்டாவது மேசையில் உட்காரச் சொல்லுங்கள், அந்த நாற்காலி ஆடாது.

இப்படிக்கு,
(கையொப்பம்)