ஐஸ் ஹாக்கி என்ஃபோர்சர்கள் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கக் கட்டுரை, ஐஸ் ஹாக்கியில் அணிக்காகச் சண்டை போடுவதையே வேலையாகக் கொண்ட என்ஃபோர்சர்களை ரவுடிகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. படித்ததும் மனம் வருந்தியது. அணி சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் வேலை அது.

கையுறையை உதறியதும் எதிராளியின் ஜெர்சியைப் பிடிப்பதுதான் முதல் காரியம். ஸ்கேட் பிளேடின் மேல் நிற்பவருக்குக் காலூன்ற இடமில்லை. பிடி இல்லாமல் கையை வீசினால் தானே சுழன்று விழுவார். எதிராளி குத்தும் கையின் சட்டையை முழங்கைக்கு அருகே இறுக்கிவிட்டால், அவருடைய குத்து பாதி தூரம்தான் வரும். ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டாலோ கண் மறைந்து, கையும் சிக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் ஜெர்சியின் உட்புறம், முதுகுப் பக்கம் ஒரு வார் தைத்துக் கால்சட்டையோடு பிணைக்கிறார்கள். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். விதிப்படி, வாரைச் சரியாகக் கட்டாமல் சண்டையில் ஜெர்சி கழன்றால் அந்த ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. சண்டைக்கு 5 நிமிடம் களத்துக்கு வெளியே உட்காரும் தண்டனை. வலியப்போய் ஆரம்பித்தார் என்று நடுவர் முடிவு செய்தால் 2, 5, 10 என்று மொத்தம் 17 நிமிடம். இருவரும் முன்கூட்டியே கண்ணால் ஒப்புக்கொண்டு இறங்குவது இதனால்தான். ஹெல்மெட்டைக் கழற்றினால் 2013 முதல் கூடுதலாக 2 நிமிடம் என்பதால், குத்துகளில் பல ஹெல்மெட்டிலும் முகக் கண்ணாடியிலும் போய் விழுகின்றன. விரல் முட்டிகள் உடைந்து வீங்குகின்றன. வீக்கம் வற்றும் முன்னே அடுத்த ஆட்டம் வந்துவிடும். வலிநிவாரணி மாத்திரை இந்தத் தொழிலுக்குள் நுழையும் வாசல் இதுதான்.

வேலை நிரந்தரமும் இல்லை. பலருடைய ஒப்பந்தத்தில் என்.எச்.எல்.லில் ஆடினால் ஒரு சம்பளம், கீழ் லீக்குக்கு அனுப்பினால் அதைவிடக் குறைந்த இன்னொரு சம்பளம். ஆட்டத்துக்கு ஐந்தாறு நிமிடம் களமிறங்குவதே அதிகம். என்ஃபோர்சர் ஜான் ஸ்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். இளம் வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. எட்டு பருவங்களில் ஏழு அணிகள், 286 ஆட்டங்கள், 5 கோல்கள். லீக்கின் நட்சத்திர வீரர்கள் ஆடும் 2016 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு அரிசோனா அணி அவரை மான்ட்ரியலுக்கு மாற்றிவிட, அங்கிருந்து நியூஃபவுண்ட்லாந்தின் கீழ் லீக் அணிக்குப் போனார். ஆனாலும் நாஷ்வில்லில் கேப்டனாக இறங்கி, அன்று ஒரே நாளில் 2 கோல் அடித்துச் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். சண்டைக்கு மட்டுமே லாயக்கு என்று ஒதுக்கப்பட்டவர் அவர்!

எல்லாருக்கும் அந்த நாள் வாய்க்கவில்லை. இன்னொரு என்ஃபோர்சரான டெரெக் பூகார்ட் மினசோட்டாவுக்கும் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கும் ஆடிய 277 ஆட்டங்களில் அடித்தது 3 கோல். தண்டனை நேரம் 589 நிமிடம். 2011 மே மாதம் மதுவும் வலிநிவாரணியும் சேர்ந்து அவர் உயிரைக் குடித்தன. வயது 28. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் மூளையில் சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவு நோயைக் கண்டார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய இந்த நோயை இறந்தபின் மூளையைப் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய முடிகிறது. ஆகவே, ஆடிக்கொண்டிருப்பவருக்குத் தன் நிலைமை தெரிய வழியே இல்லை. 45 வயதில் இறந்த என்ஃபோர்சர் பாப் ப்ரோபர்ட்டுக்கும் அதே நோய். 300-க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தலைக்காயம் தொடர்பாகத் தொடுத்த வழக்கில் 2018-இல் லீக் சுமார் 1.9 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை.

கியூபெக் ஜூனியர் லீக் 2023-24 பருவம் முதல் சண்டை போட்டவரை ஆட்டத்தைவிட்டே அனுப்புகிறது. பதின்வயதுப் பிள்ளைகள் ஆடும் லீக் அது. நம் பிள்ளைகளும் ஸ்கேட் கட்டும் இந்த ஊரில், தமிழ்ப் பத்திரிகை ஒன்று இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று: அந்தக் கட்டுரையோடு வந்த படத்தின் கீழே ‘மோதும் வீரர்கள்’ என்று மட்டும் இருந்தது. அடுத்த முறை தயவுசெய்து அவர்களின் பெயர்களைப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்கார்பரோ, கனடா