எல்லாக் குழுவுக்கும் ஒரே உத்தரவு வேண்டாம்: தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்ட மேலாளர் அவர்களுக்கும் நிர்வாகத்தில் உள்ள மற்றவர்களுக்கும்,

வணக்கம்.

புதிய உத்தரவைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்தக் குழு எந்தத் தேயிலைக் காட்டில் எந்த நிரை, அதாவது எந்தச் செடிவரிசை, பிடிக்க வேண்டும் என்பதை முந்தின நாள் மாலையே அலுவலகம் முடிவு செய்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுகிறது. சூப்பர்வைசர் அதில் எதையும் மாற்றக் கூடாது, பறிக்காமல் விட்ட செடி மாலையில் எடுக்கும் படத்தில் தெரிந்தால் அந்த நிரைக்காரருக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும் என்றும் அதில் இருக்கிறது. வண்டிப்பெரியாற்றுப் பக்கத்துத் தேயிலைக் காட்டில் கொழுந்தெடுக்கும் பெண்களோடு நாள்தோறும் நிற்கும் சூப்பர்வைசர் என்ற முறையில், இந்த உத்தரவால் என் குழுவில் நடந்த ஒன்றைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர வேண்டியது என் கடமையாகிறது.

எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா ஒருவர், தம் நிரையில் சில செடிகளைப் பறிக்காமல் சுற்றிப் போனார். அந்தச் செடிகளுள் ஒன்றின் அடிக்கிளையில் குளவி கூடு கட்டியிருந்தது. பின்னால் வருபவர்கள் அறியாமல் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக, இடுப்பில் சுற்றியிருந்த பழஞ்சேலையின் ஓரத்தைக் கிழித்து அந்தச் செடியின் உச்சியில் கட்டிவிட்டுத்தான் அவர் அடுத்த செடிக்குப் போனார். மாலையில் எடுத்த படத்தில் கொழுந்து நிற்கும் செடிகள் தெரிந்தன. துணியை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் மஸ்டரில் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் தனியே நிறுத்தி, சோம்பலால் நிரையை விட்டுவிட்டதாகக் கண்டித்து, அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். காரணம் சொல்ல அவர் வாய் திறந்தபோது, விளக்கம் தேவையில்லை என்று பீல்டு ஆபீசர் கூறினார். நான் பேச முயன்றேன். உத்தரவில் சூப்பர்வைசருக்கு அந்த இடம் இல்லை என்று எனக்கும் பதில் வந்தது.

விட்ட செடிகளைப் பறித்து முடிக்க அன்றே ஜார்க்கண்டிலிருந்து புதிதாக வந்திருந்த பெண் ஒருவரை அனுப்பினார்கள். கட்டியிருந்த துணி எதற்கு என்பதை அவருக்கு அவர் மொழியில் சொல்ல அங்கே ஆள் இல்லை. அவர் அதை அவிழ்த்துவிட்டுக் கிளையில் கை வைத்தார். முகமும் கழுத்தும் வீங்கி, கண் திறக்க முடியாமல், ஜீப்பில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் நிலை வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார் என்பதற்காக மட்டுமே இந்த மடலை என்னால் இவ்வளவு மரியாதையோடு எழுத முடிகிறது.

அந்த அக்காவிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆகவே என் வேண்டுகோளை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: குழுவைக் கேட்டு முடிவெடுங்கள், எந்தக் குழுவை எப்படி நடத்துவது என்பதைக் காட்டில் நிற்கும் சூப்பர்வைசரோடு கலந்து தீர்மானியுங்கள்.

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்தடிக்கும் குழுவுக்குக் கண்டிப்பான கட்டளைதான் சரி. கையுறையும் முகக்கவசமும் அணியாமல் யாரும் பம்பைத் தோளில் ஏற்றக் கூடாது, காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது என்பதையெல்லாம் கூடிப் பேசி வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் புதிதாக வருகிறவர்களுக்கு வேறு முறை வேண்டும்: பக்கத்தில் நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே ஒடிக்க வேண்டும், எந்தத் தளிரை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும் என்று செய்துகாட்டி, தவறினால் பொறுமையாகத் திருத்த வேண்டும். ஆனால் இந்த மலையிலேயே பிறந்து, தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று கொழுந்தெடுக்கக் கற்ற பெண்களுக்கு நிரையைப் பிரித்துக் கொடுத்தாலே போதும். மழை பெய்த வாரத்தில் எந்தச் சரிவில் கொழுந்து முந்தி முற்றும், சாக்கில் அமுக்கிய இலை சூடேறிக் கருகாமல் இருக்க எந்நேரத்தில் எடைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அலுவலகத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த மூன்று குழுக்களையும் ஒரே உத்தரவால் நடத்துவது நிர்வாகத்துக்கு எளிதாக இருக்கலாம்; காட்டில் அது ஆளையும் கெடுக்கிறது, இலையையும் கெடுக்கிறது.

நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. நிர்வாகவியல் படித்து வந்திருக்கும் தங்கள் அதிகாரிகளுக்கு உளவியலாளர் கர்ட் லெவினின் பெயர் தெரிந்திருக்கும். அவரும் லிப்பிட், வைட் ஆகிய இருவரும் அமெரிக்காவின் அயோவாவில் சிறுவர் குழுக்களை வைத்து நடத்திய ஆய்வு 1939-இல் வெளிவந்தது. கட்டளையிட்டே நடத்தப்பட்ட குழுக்கள், தலைவர் அறையில் இருந்தவரை வேலை செய்தன. அவர் வெளியே போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசி நடத்தப்பட்ட குழுக்கள், தலைவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தன. எதையும் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட குழுக்களும் அந்த ஆய்வில் இருந்தன. அவற்றால் பயனில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1969-இல் நிர்வாகவியல் அறிஞர்களான ஹெர்சியும் பிளான்சர்டும், வேலை செய்பவரின் தேர்ச்சிக்கும் மனநிலைக்கும் ஏற்ப வழிநடத்தும் முறையை மாற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் நான்கு நிரைக்கு அப்பால் யார் நிற்கிறார் என்றே தெரியாது. தலைவரின் கண் படாத நேரமே இங்கே அதிகம். அச்சத்தால் மட்டும் நடக்கும் வேலை அந்தப் பனிக்குள் என்னவாகும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். அபராதம் பிடித்த நாளிலிருந்து எங்கள் பெண்கள் எந்தச் செடியையும் விடுவதில்லை. முற்றிய இலையும் வளர்ச்சி நின்ற தளிரும் சேர்ந்தே சாக்குக்குப் போகின்றன. ஆபத்து எதையாவது கண்டாலும் இப்போது யாரும் என்னிடம் வந்து சொல்வதில்லை.

கேட்காமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த தோட்டப் பெண்கள், நிர்வாகத்தை மட்டுமா எதிர்த்தார்கள்? தங்களைக் கேட்காமல் தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வர விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆண்டில்தான் 232 ரூபாயாக இருந்த நாள் கூலி 301 ரூபாயானது. 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தமிழர் நிறைந்த மலைப்பகுதிகளான பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தோடு நின்றன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பெண்களுக்கு ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அறிவிப்பு ஒட்டுவதும் கேட்காமல் நடத்துவதன் இன்னொரு வடிவம்தான். அது தனிக் கதை. இப்போது கேட்பது அதைவிடச் சிறிது.

தயவுசெய்து, அந்த அக்காவிடம் பிடித்த அரை நாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்து, கண்டித்த அதே மஸ்டரில், அதே ஆட்கள் முன்னிலையில் வருத்தம் தெரிவிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஆபத்தைக் கண்டு செடியை விடவும் நிரையை மாற்றவும் சூப்பர்வைசருக்கு இருந்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுங்கள். புதியவர்களோடு அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். வாரத்தில் ஒரு நாள் மஸ்டரில் கால் மணி நேரம் குழுவைப் பேசவிட்டு, சொன்னதைக் குறித்துக்கொண்டு, செய்ய முடியாததற்குக் காரணத்தையும் அங்கேயே சொல்லுங்கள். எந்த உத்தரவானாலும் குழுவைக் கேட்டு முடிவெடுங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். குளவிக்கூடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த சுற்று அந்தக் காட்டுக்கு வருவதற்குள் அதை அகற்ற ஆளனுப்புமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தோட்டத்தின் பீல்டு சூப்பர்வைசர் ஒருவர்,
வண்டிப்பெரியாறு