அரிசிக் கணக்கு இல்லாத போர்: படை வரலாறு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் போர் வரலாறு எழுதிவரும் ஆய்வாளர்களுக்கும் நூலாசிரியர்களுக்கும், ஓய்வுக்குப் பின் அத்துறையில் இறங்கியிருக்கும் முன்னாள் படை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் சோளிங்கரைச் சேர்ந்தவன். ராணுவத்தில், ஏ.எஸ்.சி. என்று நாங்கள் சொல்லும் வழங்கல் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்று, அதன் பின் ஊரில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவன். இரண்டு இடத்திலும் என் கையில் இருந்தது ஒரே கணக்குதான்: எத்தனை வாய், எத்தனை நாள், எத்தனை மூட்டை. 1780 முதல் 1784 வரை மைசூருக்கும் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் நடந்த இரண்டாம் மைசூர்ப் போரின் பெரும்பகுதி எங்கள் பழைய வடஆர்க்காடு மண்ணிலும் அதன் ஓரங்களிலும்தான் நடந்தது. அதைப் பற்றி நீங்கள் எழுதியவற்றில் கைக்கு எட்டியதையெல்லாம் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். மேற்சொன்ன கணக்கு அவற்றில் இல்லை என்பதையும், அது இல்லாததால் அந்தப் போரே வேறொன்றாகத் தெரிகிறது என்பதையும் சொல்லத்தான் இந்த மடல்.

என் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1781 செப்டம்பர் 27 அன்று சோளிங்கரில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படையும் கம்பெனிப் படைத்தலைவர் அயர்கூட்டின் படையும் மோதின. புத்தகங்களில் இந்தப் போர் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது: ஹைதர் எதிர்பாராத வேளையில் அயர்கூட் முன்னேறினார், குதிரைப்படை பாய்ந்து வந்தது, சிப்பாய்களின் அணி குலையாமல் நின்று சுட்டது, மாலைக்குள் ஹைதர் பின்வாங்கினார். கம்பெனிக்கு வெற்றி. இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்டின் போர்ச் சிறப்புகளின் பட்டியலில் எங்கள் ஊரின் பெயர் இருப்பது அந்த ஒரு நாளின் காரணமாகத்தான். இதில் தவறென்று எதையும் நான் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் என்ன நடந்தது என்பதுதான் என்னைப் போன்றவனுக்கு முதலில் எழும் கேள்வி. வென்ற படை தோற்ற படையைத் துரத்திச் செல்லவில்லை. ஹைதரின் முற்றுகையில் பசியோடு கிடந்த கம்பெனியின் வேலூர்க் கோட்டைக்கும் நேராகப் போகவில்லை. வடக்கே திரும்பி, கார்வேட்டிநகரப் பகுதியில் பொம்மராஜாவின் பாளையத்துக்குள் நுழைந்தது. காரணம், படையிடம் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாளையத்தில் இன்னும் கொஞ்சம் நெல் மிஞ்சியிருந்தது. அக்டோபர் மாதம் முழுவதும் அந்தப் பெரும்படை செய்த வேலை நெல் தேடியதுதான். அந்தத் தேடலைக் காக்க அனுப்பப்பட்ட கர்னல் ஓவனின் பிரிவை ஹைதர் தாக்கியதும் அதே காரணத்தால்தான். நவம்பர் தொடக்கத்தில் அயர்கூட் வேலூருக்குச் சில வாரங்களுக்கான அரிசியைச் சேர்த்தார். சோளிங்கர்ப் போருக்கு ஐந்து பக்கம் ஒதுக்கும் நூல்கள் இந்த ஒரு மாதத்தை ஒரு பத்தியில் கடந்துபோகின்றன.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது ஏன் தவறு என்பது விளங்கும். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். வேறு எதுவும் பெரிதாகக் கிடைக்காத, நாள் முழுதும் நடக்கும் சிப்பாய்க்கு இது தாராளம் அன்று. 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு 7,500 கிலோ. மண்டிக் கணக்கில், 75 கிலோ மூட்டை 100. பொதிமாடு ஒன்று ஏறத்தாழ ஒரு மூட்டைதான் தாங்கும் என்பதால், ஒரு நாள் சாப்பாட்டுக்கு 100 மாடு, பத்து நாளுக்கு 1,000 மாடு. இதில் பீரங்கி இழுக்கும் மாடு சேரவில்லை, குண்டும் மருந்தும் சுமக்கும் மாடு சேரவில்லை, படையின் பின்னால் வந்த பரிவாரத்தின் வாய்கள் சேரவில்லை. அக்காலப் படைகளில் போரிடுவோரைவிடப் பரிவாரமே அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த மாடுகளுக்குத் தீனியும் வேண்டும். ஹைதரின் குதிரைப்படை தீனியை எரித்துவிட்டால் மாடு ஒரு வாரம் தாங்காது. இப்போது வரைபடத்தைப் பார்த்தால், அயர்கூட் ஏன் கடற்கரையை விட்டு நகரவே தயங்கினார் என்பது விளங்கும். வங்காளத்திலிருந்து கப்பலில் வரும் அரிசிதான் அவருடைய களஞ்சியம். 1781 தொடக்கத்தில் கடலூர்க் கரையில் அவர் படை பட்டினியின் விளிம்பில் நின்றபோது, பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் தோர்வ் எதிரே கடலில்தான் இருந்தார். ஹைதர் தங்கச் சொல்லியும் தங்காமல் பிப்ரவரியில் அவர் பாய் விரித்துப் போய்விட்டார். நான்கு ஆண்டுப் போரில் கம்பெனி முற்றிலும் அழிந்திருக்கக்கூடிய தருணம் எது என்று என்னைக் கேட்டால், பரங்கிப்பேட்டைப் போரையோ சோளிங்கர்ப் போரையோ சொல்லமாட்டேன். அந்தப் பாய் விரித்த நாளைச் சொல்வேன்.

என் பணிக்காலத்தில், மலைப்பகுதி ஒன்றில் பாதை அடைபட்டுப் பதினொரு நாட்கள் வண்டி எதுவும் ஏறவில்லை. அந்த நாட்களில் எங்கள் தலைமை அதிகாரி காலையில் எழுந்ததும் கேட்டது எதிரி எங்கே என்று அன்று. கையிருப்புப் பதிவேட்டைத்தான் கேட்டார். விரலால் வரி வரியாகத் தொட்டு, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். மாலையில் மறுபடியும் கேட்பார். உங்களில் படை அதிகாரிகளாக இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தவர்களே எழுதும்போது அந்தப் பதிவேட்டை மூடிவிட்டு வாளை மட்டும் வரைவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வேலூர் முற்றுகையைப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலம் கம்பெனி அதிகாரி ராஸ் லாங்கின் தலைமையில் கோட்டை தாக்குப்பிடித்தது. கிழக்கே உள்ள மலைக்கோட்டைகள் எதிரியின் கைக்குப் போனால் கீழ்க்கோட்டை நிலைக்காது என்பதால் அங்கே கடுமையான சண்டைகள் நடந்தன. அவற்றை நீங்கள் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கோட்டையின் ஆயுளை நீட்டியது ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைந்த மூட்டைகள்தான். 1782 ஜனவரியில் அயர்கூட் பக்கவாதம் போன்ற நோயால் சாய்ந்து, பல்லக்கில் படுத்தபடியே அந்த அரிசிப் பயணத்தை நடத்தினார். போகும்போது ஜனவரி 10, திரும்பும்போது 13 என இரு முறை, சேற்று நிலத்தைக் கடக்கும் வேளையில் ஹைதரின் படை அவர்களைத் தாக்கியது. அந்த அரிசி சில நாட்கள் தாமதமாகியிருந்தால் கோட்டைக் கதவு திறந்திருக்கும். அதே ஆண்டு ஜூன் 2 அன்று நடந்த ஆரணிப் போரும் இப்படித்தான். ஹைதர் தன் தானியத்தையும் தளவாடங்களையும் சேமித்துவைத்திருந்த இடம் ஆரணி. அதைப் பிடித்துவிட்டால் எதிரியின் வயிற்றையே பிடித்தது போல என்று அயர்கூட் கணக்கிட்டார்; ஹைதர் திப்புவை அனுப்பி அதைக் காத்துக்கொண்டார். இன்று தமிழ்நாடு முழுவதும் ஆரணி அரிசி என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்த மூட்டைகளை ஆண்டுக்கணக்கில் பதிவேட்டில் ஏற்றியவன் என்ற முறையில், இரண்டு வல்லரசுகள் அந்த ஊருக்காக ஏன் மோதிக்கொண்டன என்பது எனக்கு வியப்பாகவே இல்லை.

இந்த நெல் யாருடையது என்று எந்த நூலும் கேட்கவில்லை. என் மனக்குறையின் மையம் இதுதான். உங்கள் எழுத்துகள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆங்கிலேயரின் படைப்பிரிவு வரலாறுகளை ஒட்டி எழுதுவோர் அயர்கூட்டின் உறுதியையும் அணிவகுப்பின் கட்டுப்பாட்டையும் போற்றி, 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியே இறங்கிய ஹைதரின் படை ஊர்களை எரித்ததையும் மக்களைப் பிடித்துச் சென்றதையும் விரிவாகச் சொல்வார்கள். கம்பெனிப் படை நெல் தேடிப் போன ஊர்களில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லமாட்டார்கள். மற்றவர்கள் 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை அழிந்ததையும், மைசூரின் ஏவுகணைகளையும், அந்த வெற்றியைக் காட்டும் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தையும் பெருமையோடு எழுதுவார்கள். ஹைதர் வேண்டுமென்றே பாழாக்கிய நிலம் யாருடைய நிலம் என்பதைத் தொடமாட்டார்கள். எனக்கும் புள்ளலூரை வாசிக்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் பெய்லியிடம் இருந்த 3,800 பேர் அளவிலான படையில் ஐரோப்பியர் ஏறத்தாழ 500 பேரே. மீதிப் பேர் நம் மண்ணின் சிப்பாய்கள். உயிர்தப்பிய ஐரோப்பியக் கைதிகள் தங்கள் சிறைவாசத்தை எழுதிவைத்தார்கள், அதனால் அவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். அந்தச் சிப்பாய்களின் வீடுகளில் யார் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

எண்களிலும் இதே கதைதான். சோளிங்கரில் மைசூர்த் தரப்பில் 5,000 பேருக்கு மேல் என்றும், கம்பெனித் தரப்பில் சுமார் 100 பேர் என்றும் எழுதப்படுகிறது. முதல் எண் வென்றவர் தரப்பின் மதிப்பீடு. யாரும் உடல்களை எண்ணிப் பதிந்ததன்று. இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடும்போது வாசகர் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்ததாக எடுத்துக்கொள்கிறார். மண்டியில் கண்ணால் மதித்த குவியலையும் எடைபோட்ட மூட்டையையும் ஒரே பத்தியில் எழுதினால் என் முதலாளி அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

வேலூர் லாங் பஜாரின் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதையும் அவர்களில் 14 பேர் உயிர் ஈந்ததையும் அது சொல்கிறது. பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும்தான். அதுவும் பூக்கடை, பழக்கடை நெரிசலில் பலர் கண்ணில் படுவதில்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கு முன்னால் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டுத்தான் போவேன். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்கும் வேலூரில் நினைவுத்தூண் இருக்கிறது. 1780க்கும் 1784க்கும் இடையில் இதே வட்டாரம் இழந்தவர்களுக்கு எண்ணும் இல்லை, தூணும் இல்லை. அந்த இழப்பு சிறியதன்று. பட்டினியால் சென்னைக்கு ஓடிவந்தவர்களுக்காக 1782இல் ராயபுரத்தில் தொடங்கிய கஞ்சித்தொட்டியின் பெயர் இன்றும் அப்பகுதி மக்கள் வாயில் வழங்குகிறது. ஆங்கிலேயப் படை நூற்றுக்கணக்கான மைல் நடந்தும் வழியில் ஓர் ஆணையோ பெண்ணையோ குழந்தையையோ நாற்கால் விலங்கையோ காணவில்லை என்று நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று லண்டன் நாடாளுமன்றத்தில் பேசினார். அவர் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிய அரசியல் வாதத்தில் பேசியவர், சற்று மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் அந்தக் கடன்களையும் போர்ச்செலவையும் ஈடுகட்ட, 1781 டிசம்பரில் நவாப் முகமது அலி, அக்காலத்தில் கர்நாடகம் எனப்பட்ட தன் ஆர்க்காட்டுச் சீமையின் வரி வருவாயைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார் என்பதில் மிகை ஏதும் இல்லை. ஒரு பக்கம் எரிந்த வயல், மறு பக்கம் அதே வயலுக்கு வரி. இரண்டு போகம் ஊரில் ஆள் இல்லாமல் போனால் ஏரியின் மதகைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் யார் இருப்பார்கள்? போர் நின்ற பிறகும் அந்த ஏரி எத்தனை ஆண்டு நிரம்பாமல் கிடந்திருக்கும் என்பதை எந்தப் போர் வரைபடமும் காட்டுவதில்லை. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானபோது இரு தரப்பும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டன. அதைத்தான் நீங்கள், முடிவில்லாமல் முடிந்த போர் என்று எழுதுகிறீர்கள். ஆர்க்காட்டுப் பக்கத்து உழவருக்கு அது அப்படி முடியவில்லை.

ஆகையால் உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்து இந்தப் போரை எழுதும்போது, படைநகர்வு வரைபடத்தின் மேல் களஞ்சிய வரைபடத்தையும் வரையுங்கள்: ஆரணி, கார்வேட்டிநகரம், கடலூர்த் துறை, சென்னைத் துறை ஆகியவற்றுக்கு இடையே நெல் எந்த மாதம் எந்த வழியில் சென்றது என்று. சாவு எண்ணிக்கை ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எண்ணியதா மதித்ததா, எந்தத் தரப்பு மதித்தது என்று எழுதுங்கள். எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்குப் போகும்போது ராணுவக் கட்டுகளோடு நிற்காமல், அதே ஆண்டுகளின் வருவாய்க் கட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். பாழாய்ப் போனது என்று எழுதப்பட்ட ஊர்களின் பெயர்கள் கிடைத்தால், அவற்றை ஒரு பின்னிணைப்பாகவாவது அச்சிடுங்கள். சிப்பாய்களின் பெயர்கள் கிடைக்காமல் போகலாம், ஊர்களின் பெயர்களாவது மிஞ்சட்டும். இரு தரப்பில் யாரைப் பாராட்டுவதற்கும் இது தடையன்று. அயர்கூட்டின் பிடிவாதமும் ஹைதரின் போர்த்திறமும் அந்தக் களஞ்சியக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போது இன்னும் தெளிவாகவே தெரியும்.

களத்தைப் பார்க்க விரும்புவோர் சோளிங்கருக்கு வரலாம். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் யோக நரசிம்மர் மலைக்கு ஏறும் கூட்டத்தில் ஊரே திணறும். அதனால் மார்கழியிலோ தையிலோ வாருங்கள். தையில் அறுவடை நடந்துகொண்டிருக்கும், எந்த வயலில் எவ்வளவு விளையும் என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். இங்கிருந்து பழைய பாளையத்தின் பக்கமும், பிறகு வேலூர் மலைக்கோட்டைக்கும் உங்களோடு நான் வருகிறேன். மாடு எத்தனை, மூட்டை எத்தனை என்ற கணக்கைப் போட்டுத்தர ஒரு நோட்டும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
வழங்கல் பிரிவின் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்,
சோளிங்கர்.