குளிர்தாங்கும் செவ்வரத்தை: செயலாளரின் 2024 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வீட்டுத்தோட்டச் சங்கத்தின் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் இயங்கும் எமது சங்கத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்பாடுகள் பற்றிய அறிக்கையை இப்பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கின்றேன். ஆண்டுக்கு ஒரு செடியை எடுத்து அதனை முழுமையாகக் கற்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து, முதலாவதாகக் குளிர்தாங்கும் செவ்வரத்தையை (செம்பருத்தி) தெரிவுசெய்திருந்தோம். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி அச்செடியைப் பற்றியதாகவே அமைகின்றது. மாதாந்தக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இச்செடியைத் தெரிவுசெய்ததற்கான காரணம் நம்மில் பலருக்கும் சொல்லாமலே விளங்கும். ஊர்ச் செவ்வரத்தையைத் தொட்டியில் வைத்து, செப்ரெம்பரில் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குமுன் வீட்டுக்குள் தூக்கி வந்து, மாரி முழுவதும் யன்னலோரத்தில் வெள்ளை ஈயோடும் அசுவினியோடும் போராடி, இலையெல்லாம் பழுத்துக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் இங்கு அநேகமாக எல்லா வீடுகளிலும் உண்டு. சுவாமிக்கு வைப்பதற்கு முற்றத்தில் ஒரு செவ்வரத்தை நிற்க வேண்டும் என்ற விருப்பம் கடல் கடந்து வந்தும் நம்மை விட்டுப் போகவில்லை. இங்குள்ள நிலத்தில், உறைபனிக்குக் கீழேயே கிடந்து, ஆண்டுதோறும் தானாக எழும்பும் ஒரு செவ்வரத்தை இருக்கின்றது என்பதைப் பலர் இவ்வாண்டுதான் அறிந்துகொண்டார்கள்.

பெப்ரவரிக் கூட்டத்தில் முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. கடைகளில் செவ்வரத்தை என்று விற்கப்படுபவை ஒன்றல்ல, மூன்று. பளபளக்கும் கரும்பச்சை இலையுடன் வருவது நமது ஊர்ச் செடியான ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ். அது இங்குள்ள பனியைத் தாங்காது. தென் கொரியாவின் தேசிய மலரான ஹைபிஸ்கஸ் சிரியாக்கஸ் தடித்த கிளைகளுடன் வளரும் புதர். இலை உதிர்ந்தாலும் அதன் கிளைகள் மாரியில் உயிரோடுதான் நிற்கும். நாம் எடுத்துக்கொண்டது மூன்றாவதான ஹைபிஸ்கஸ் மோஸ்கியூற்றஸ். ஒளிமங்கிய அகன்ற இலையும், சாப்பாட்டுத் தட்டளவு விரியும் பூவும் உடைய இச்செடி மாரியில் நிலமட்டம் வரை முற்றாகக் காய்ந்துவிடும். உயிர் வேரிலும் அடிக்கட்டையிலும் மட்டுமே தங்கியிருக்கும். எதைக் குட்டையாக வெட்டலாம், எதை வெட்டக்கூடாது, எதை உள்ளே எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கின்றன.

இவ்வாண்டின் மிகப் பெரிய பாடம் மே மாதத்தில் கிடைத்தது. அதனைச் சற்று விரிவாகவே பதிவுசெய்ய விரும்புகின்றேன். ஏப்ரலில் ரியூலிப் பூத்து, மே தொடக்கத்தில் ஏனைய பல்லாண்டுச் செடிகள் எல்லாம் தழைத்துவிட்ட பின்னரும், இச்செடி இருந்த இடம் வெறும் மண்ணாகவே கிடந்தது. குளிரில் செத்துவிட்டது என்று எண்ணி அங்கத்தவர்கள் சிலர் தோண்டி எறிந்துவிட்டார்கள். எனது வளவில் முன்னைய ஆண்டு நட்ட செடியையும் விக்டோரியா தின விடுமுறையில் நானே தோண்டினேன். மண்வெட்டியில் வந்த அடிக்கட்டையைப் பிளந்து பார்த்தபோது உள்ளே வெள்ளையாகவும் ஈரமாகவும் இருந்தது. பக்கத்தில் சிவந்த முளையொன்று அரும்பியிருந்தது. அதனைத் திரும்ப நட்டும் அது பிழைக்கவில்லை. மண் நன்றாகச் சூடேறிய பிறகே இச்செடி விழிக்கும். தென் ஒன்ராறியோவில் மே இறுதியிலும், சில வளவுகளில் யூன் முதல் வாரம் கடந்தும் முளை வருவது இதன் இயல்பு. யூன் நடுப்பகுதி வரை எவரும் இதனைத் தோண்டக்கூடாது என்பதை இச்சபையின் வாயிலாக மன்றாட்டமாகவே கேட்டுக்கொள்கின்றேன். இலையுதிர்காலத்தில் தண்டுகளை முழுவதும் வெட்டாமல் ஒரு சாண் உயரத்துக்கு விட்டுவைத்தால் இடமும் அடையாளம் தெரியும், வசந்தத்தில் மறதியாக வேறொன்றை அதன்மேல் நடவும் நேராது. முளை வந்துவிட்டால் பிறகு வளர்ச்சி வியக்கத்தக்கது. யூன் முழுவதும் கண்ணெதிரே ஏறி, ஓகஸ்டில் ஓராள் உயரத்தை எட்டிய செடிகளும் உண்டு. பூ முழுவதும் அந்த ஆண்டின் புதுத் தண்டிலேயே வருவதால், பழைய தண்டை வெட்டுவதால் இழப்பு எதுவுமில்லை.

இடமும் நீரும் பற்றிச் சொல்ல வேண்டும். குறைந்தது ஆறு மணிநேர நேர்வெயில் தேவை. மதிலோரத்து நிழலில் வைத்தவர்களுக்கு இலைதான் கிடைத்தது. இது சதுப்புநிலத்தில் பிறந்த செடியாகையால் தண்ணீரை விரும்பிக் குடிக்கும். வரண்டால் மொட்டு விரியாமலே உதிரும், கீழிலைகள் மஞ்சளாகும். ஸ்காபரோவின் களிமண்ணைக் குறைகூறாத அங்கத்தவர் இல்லை. ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் அந்த மண்ணே இச்செடிக்கு உதவியாயிற்று. யூலை 16ஆம் திகதி ரொறன்ரோவை வெள்ளக்காடாக்கிய மழையில் தக்காளியும் மிளகாயும் வேரழுகிப் போன வளவுகளில், தாழ்வான மூலையில் நின்ற இச்செவ்வரத்தைகள் ஒரு வாட்டமும் இன்றி நின்றதை நிர்வாகக் குழு நேரில் பார்வையிட்டது. உரமாக வசந்தத்தில் கூட்டெருவும், வேரடியில் இலைச்சருகுப் பரப்பும் போதுமானவை.

ஓகஸ்ட் 10, சனிக்கிழமை, ஈரி ஏரிக்கரையிலுள்ள பொயின்ற் பீலி தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் பயணம் மேற்கொண்டோம். 1918இல் அமைக்கப்பட்ட அப்பூங்கா கனடாப் பெருநிலப்பரப்பின் தென்கோடியில் இருக்கின்றது. அதன் பெரும்பகுதி சதுப்புநிலம். நீரின் மேல் போடப்பட்ட பலகைப் பாதையில் நடந்துசெல்கையில், கோரைப் புற்களுக்கு நடுவே இளஞ்சிவப்புச் செவ்வரத்தைகள் காடாகப் பூத்திருப்பதைக் கண்டபோது முதியவர்கள் சிலர் கண்கலங்கினார்கள். நாம் இறக்குமதி செய்த அழகு என்று எண்ணியிருந்த செடிக்கு இந்நாடே தாய்மண். அதே வேளை, சதுப்புநிலங்கள் வற்றடிக்கப்பட்டதாலும், வெளியிலிருந்து வந்த நாணல் இனம் பரவியதாலும் இச்செடி கனடாவில் சிறப்புக் கவனத்துக்குரிய இனங்களின் பட்டியலில் இருக்கின்றது. ஆகையால் காட்டிலிருந்து விதையோ கன்றோ எடுப்பதில்லை என்று திரும்பும் வழியிலேயே பேசி, பின்னர் தீர்மானமாகவும் நிறைவேற்றினோம்.

பூச்சிகளில் ஜப்பானிய வண்டுதான் பெருந்தொல்லை. யூலையில் கூட்டமாக வந்து இலையையும் மொட்டையும் அரித்தது. அழகுத் தோட்டங்களில் பூச்சிநாசினி தெளிப்பதை ஒன்ராறியோ மாகாணம் 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்திருப்பதால், அதிகாலையில் வண்டுகள் மந்தமாக இருக்கும்போது சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிடுவதே நாம் கைக்கொண்ட வழி. வாசனைப் பொறி வைத்தவர்களுக்கு அயல் வளவுகளின் வண்டும் சேர்ந்து வந்தது. அதனை இனி எவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

கன்றுகளைக் கூட்டாக வாங்கியதில் ஒரு குறை நேர்ந்தது. செம்பு நிற இலையுடைய கொப்பர் கிங் இனம் என்று பெயர்ச்சீட்டுடன் ஒரு நாற்றுமேடையிலிருந்து பெற்ற கன்றுகளில் ஒரு பகுதி ஊர்ச் செவ்வரத்தையாகவே இருந்தது. இலையைப் பார்த்து இனங்காணக் கற்றிருந்ததால் நடுமுன்னரே கண்டுபிடித்து மாற்றிக்கொண்டோம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் பிளெமிங் சகோதரர்கள் உருவாக்கிய அந்த இனம் இவ்வாண்டு நன்றாகப் பூத்தது. ஆயினும் சுவாமிக்கென்று வளர்ப்பவர்கள் நாடியது இரத்தச் சிவப்பான லோட் பால்ற்றிமோர் என்ற இனத்தையே. ஒரு பூ ஒரு நாளே நிற்கும்; மாலையில் சுருண்டுவிடும். ஆகவே காலைப் பூசைக்கே இது பொருந்தும். ஓகஸ்ட் முழுவதும் நாள்தோறும் புதுப் பூ வருவதால் குறையொன்றும் தெரியாது.

விதைப் பயிற்சி பற்றிச் சுருக்கமாக: விதையின் ஓடு கடினமானது; நகவெட்டியால் மெல்லக் கீறி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, கடைசி உறைபனிக்குப் பத்து வாரங்களுக்கு முன் வீட்டுக்குள் போட வேண்டும். கலப்பினங்களின் விதை தாய்ச்செடியைப் போல் வராது என்பதால், பிடித்த நிறம் வேண்டுபவர்கள் கோடை தொடக்கத்தில் இளந்தண்டை வெட்டி வேரூன்ற வைப்பதே நல்லது. தொட்டியில் வளர்ப்பவர்கள் வேர் உறையாதிருக்க மாரியில் தொட்டியைச் சூடேற்றாத கராஜுக்குள் வைக்கவும்.

வரும் மார்ச் மாதக் கூட்டத்தில் விதை ஊறவைக்கும் செயன்முறை மீண்டும் காட்டப்படும். மே மாதத்தில் செடியைத் தோண்டி இழந்த அங்கத்தவர்களுக்கு, சங்கத்தின் தண்டுகளிலிருந்து வேரூன்றிய கன்றுகள் இலவசமாக வழங்கப்படும். பெயர்களை இன்று மாலையே என்னிடம் பதிந்துகொள்ளுங்கள். தமது வளவுகளைப் பார்வையிட அனுமதித்த அனைவருக்கும், பயணத்துக்கு வாகன ஒழுங்கும் உணவும் தந்த அங்கத்தவர்களுக்கும் நிர்வாகக் குழுவின் சார்பில் நன்றி கூறி, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கின்றேன்.

செயலாளர்