ராஜினாமா கடிதத்தின் நகல் எங்களுக்கும் வேண்டும்

மதுரை வட்டாரத்து மூத்த எம்.பி.க்களுக்கும் எல்லாக் கட்சித் தலைமைகளுக்கும் வணக்கம்.

பதவிக்காலம் முடியும் முன்பே எம்.பி. பதவியை ராஜினாமா செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன். நான் திருமங்கலத்துக்காரன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூரில் அடுத்த வார்த்தையாக 'பார்முலா' என்கிறார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் முறைக்கு, 2009 ஜனவரி 9 அன்று இங்கே நடந்த சட்டமன்ற இடைத்தேர்தல் தந்த பெயர் அது. அந்த வாரத்தில் ஒருநாள் காலை பேப்பரை விரித்தபோது பூத் சிலிப்போடு ஒரு கவரும் கீழே விழுந்தது. அப்பத்தா பிரிக்க விடவில்லை. "யாருக்குப் போடணும்னு எனக்குத் தெரியும், அதை அங்கிட்டு வைய்யா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமி படத்துக்குப் பின்னால் பல நாள் கிடந்தது அந்தக் கவர். அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தத் தேர்தல் எம்.எல்.ஏ. இறந்ததால் வந்தது. சாவை யாரும் தடுக்க முடியாது. ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு மூத்த தலைவர் பாதியில் எம்.பி. பதவியை விட்டுப் போனால் சங்கதியே வேறு. அரசியல் சாசனத்தின் 101ஆவது பிரிவுப்படி மக்களவை உறுப்பினர் தன் கடிதத்தைச் சபாநாயகரிடம் கொடுத்து, அவர் ஏற்றுக்கொண்டால் போதும். காரணம்கூட எழுத வேண்டியதில்லை. வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட எங்களுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

அப்புறம் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தச் சட்டம் சொல்கிறது. பதவிக்காலத்தில் ஒரு வருடத்துக்கும் குறைவாகவே மிச்சம் என்றால் அதுவும் கட்டாயமில்லை. அதுவரை எங்களுக்காக டெல்லியில் யார் கேட்பது? எங்கள் திருமங்கலம் விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது, பக்கத்துத் திருப்பரங்குன்றமும் அப்படித்தான். இங்கே தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் மக்களவையில் எழுந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் நஷ்டம் நோயாளிகளுக்குத்தான். வருடத்துக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதியில் புதிதாக ஒரு வேலையைப் பரிந்துரைக்கவும் ஆள் இருக்காது.

1963 அக்டோபர் 2இல் காமராஜர் முதல்வர் பதவியை விட்டார். ஏன் விட்டார் என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்திருந்தது: கட்சி வேலைக்காக. உடம்பு முடியவில்லை, கட்சியோடு ஒத்துப்போகவில்லை, வேறு பதவி வருகிறது, எதுவாக இருந்தாலும் சரி, எங்களிடம் சொல்லுங்கள். கோபப்படுவோம், ஆனால் கேட்டுக்கொள்வோம்.

நான் கேட்பது இதைத்தான். சபாநாயகரிடம் கடிதம் கொடுப்பதற்கு முந்தின வாரம் தொகுதிக்கு வாருங்கள். திருமங்கலம் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு சின்ன மேடை போதும், மைக் செட்டுக்கு நாங்களே பணம் கட்டுகிறோம். கடிதத்தை எங்கள் முன்னால் வாசியுங்கள், நாங்கள் கேட்கிற கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லுங்கள். கட்சித் தலைவர்களே, அதற்குப் பின் இடைத்தேர்தல் வந்தால் வேட்பாளரை மட்டும் அனுப்புங்கள். கவர் வேண்டாம்.

இப்படிக்கு,
திருமங்கலத்து வாக்காளர் ஒருவர்