ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. போனில் கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். நீ இன்லண்டு லெட்டரில் எழுதி, 'அவசரம்' என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். உன்னைத் திருத்த முடியாது.

இங்கே எல்லாரும் சுகம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்து நாற்பது நாள் ஆகிறது. இத்தனை வருஷமாக நான் லேசான மஞ்சள் என்று நினைத்துக்கொண்டிருந்த ஹால் சுவர், வெள்ளையாம். சின்னவளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறோம். பத்திரிகையை நானேதான் டைப் அடிக்கப்போகிறேன். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமா ஊர் ஊராகப் போய் எழுதிவந்த நடவுப் பாட்டும் தாலாட்டும் இப்போது அந்தப் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கின்றன, நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் பகீரென்றது. ரெண்டு மழைக்காலம் உட்கார்ந்து நீ அதை டைப் அடித்ததும், நான் புரூஃப் பார்க்கிறேன் பேர்வழி என்று பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றதும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

அதைப் புது லேப்டாப்புக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது உன் கேள்வி. கொண்டுபோவது பெரிய வேலை இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு அது எழுத்தாக இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிம்மக்கல்லில் நாம் பட்ட பாடு மறந்துவிட்டதா? நீ ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் அச்சகத்துக்குப் போவாய். 1.44 எம்.பி. தான் அதன் கொள்ளளவு. ஒரு மலருக்கு ஐந்தாறு ஃபிளாப்பி ஆகும், அதில் ஒன்று கட்டாயம் காலை வாரும். அதற்குத்தான் எல்லாவற்றையும் ரெண்டு ரெண்டாகப் போட்டோம். ஆனால் ஃபிளாப்பி நன்றாக இருந்த நாளில்தான் பெரிய கூத்து நடந்தது. அங்கே இருந்த மெஷினில் பாமினி ஃபான்ட் கிடையாது. ஃபைல் திறந்தது, தமிழைக் காணோம். 'தமிழ்' என்று நீ அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி. அச்சகத்துக்காரர் உன்னை ஏற இறங்கப் பார்த்தாராம். அன்று முதல் ஃபான்ட்டையும் ஃபிளாப்பியிலேயே போட்டு அனுப்பினோம்.

அந்த ஜே கே பி ஓ-தான் இப்போது உன்னைக் காப்பாற்றப்போகிறது. பாமினியில் நாம் அடித்தது தமிழே இல்லை மாப்ளே. ஆங்கில எழுத்துகளை அடித்து, அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டினோம், அவ்வளவுதான். ஜே என்றால் த, கே என்றால் ம, அரைப்புள்ளி என்றால் மேலே வைக்கும் புள்ளி. உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து என்பதால் எந்தப் பழைய மெஷினும் எந்த வயரும் அதைக் கெடுப்பதில்லை. படிக்க முடியாது, ஆனால் பத்திரமாகப் போய்ச் சேரும். யூனிகோட் தமிழ், அதாவது இப்போது போனிலும் நெட்டிலும் நாம் படிக்கும் நிஜத் தமிழ் எழுத்து, இதற்கு நேர் எதிர். எங்கே போனாலும் படிக்கலாம், ஆனால் வழியில் ஒரு முட்டாள் புரோகிராம் குறுக்கே வந்தால் போச்சு.

ஆகவே முதல் வேலை, பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே அதில் நாம் பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் புரோகிராமைத் திற. புது லேப்டாப்பில் அந்த ஃபைல்களைத் திறக்க ஆள் கிடைக்காது. பாட்டுக்குள் கர்சரை வைத்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து, டெக்ஸ்ட் ஒன்லி என்று சேமி. ஒரு தடவைக்கு ஒரு ஸ்டோரி, அதாவது தொடர்ந்து ஓடும் ஒரு எழுத்துத் தொகுதிதான் வெளியே வரும். நீ ஒவ்வொரு பாட்டையும் தனித்தனி பிளாக்காக வைத்த மகானுபாவன், அதனால் கொஞ்சம் கை வலிக்கும். சேமித்ததை நோட்பேடில் திறந்தால் ஜே கே பி ஓ என்று அலங்கோலமாக நிற்கும். பதறாதே, அதுதான் சரக்கு.

அப்புறம் வெளியே எடுப்பது. உன்னுடையது விண்டோஸ் 98 என்பதால் பென் டிரைவைச் சொருகினால் அது தனியாக டிரைவர் கேட்கும். அதோடு மல்லுக்கட்டாதே. எக்ஸ்போர்ட் எல்லாம் முடிந்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஐ.டி.இ. என்ற அந்தப் பழைய ரக டிஸ்கை யு.எஸ்.பி.யில் மாட்டும் கேபிள் வைத்திருக்கும் ஏதாவது ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோ. கேபிளோடு தனி பவர் அடாப்டரும் இருக்கிறதா என்று கேள்; அந்தக் காலத்துப் பெரிய டிஸ்க் யு.எஸ்.பி. கரண்டில் மட்டும் சுற்றாது. லேப்டாப்பில் மாட்டினால் அது ஒரு பெரிய பென் டிரைவ் மாதிரி தெரியும். ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணு. பண்ணிவிட்டு ரெண்டு பக்கமும் ப்ராப்பர்டீஸில் பைட் எண்ணிக்கையைப் பார். கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் டிஸ்கை விட்டுவிட்டு வராதே, பக்கத்திலேயே நில். ஒரு தடவை இங்கே ஒரு கடையில் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது என் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி இருந்தது. வைரஸை உள்ளே வாங்கி வந்ததற்கு இருபது ரூபாய் பில்லும் கொடுத்தேன்.

ரெண்டு கம்ப்யூட்டரையும் சீரியல் கேபிளில் இணைத்து ஹைப்பர்டெர்மினலில் ஃபைல் அனுப்புவோமே, லேப்டாப்பில் அது மாதிரி ஒரு புரோகிராம் இருந்தால் அதுவும் இன்னும் செல்லும். ஆனால் 9600 வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துதான் போகும். ஒரு ஃபிளாப்பி அளவு போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அந்த மெனுவில் கெர்மிட் என்று ஃபைல் அனுப்பும் முறை ஒன்று இருக்கும், பார்த்திருப்பாய். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் உருவானது. பெரிய கம்ப்யூட்டரில் மாணவர்களுக்கு இடம் போதவில்லை. தங்கள் ஃபைலை ஃபிளாப்பியில் எடுத்துவைத்துக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. டி.வி.யில் வரும் பொம்மைத் தவளையின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். உன் பிரச்சினையும் அவர்கள் பிரச்சினையும் ஒன்றுதான். பொழுதுபோகவில்லை என்றால் மட்டும் இந்த வழி.

சரி, லேப்டாப்புக்கு வந்துவிட்டது. இப்போது சட்டையைக் கழற்றிவிட்டு உண்மையான தமிழாக மாற்ற வேண்டும். எழுத்துரு மாற்றி என்று இணையத்தில் தேடினால் நிறைய கிடைக்கும். பாமினியிலிருந்து யூனிகோட் என்று தேர்ந்தெடுத்து ஒட்டினால் ஒரு நொடியில் மாறிவிடும். ஆனால் அதை நம்பி நேராகப் புத்தகம் போடாதே. ரெண்டு இடத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்.

ஒன்று, இடையிடையே நீ ஆங்கிலத்தில் அடித்தது. எது ஆங்கிலம், எது பாமினி என்று மாற்றிக்குத் தெரியாது. புரூஃப் பார்த்து முடித்த பாட்டுகளின் ஓரத்தில் நான் சின்ன எழுத்தில் 'ஓகே' என்று ஆங்கிலத்தில் போட்டு வைத்தேனே, அதெல்லாம் இப்போது 'ழம' என்று வந்து நிற்கும். ஓ என்றால் ழ, கே என்றால் ம. மாமா ஏதோ புரியாத வட்டாரச் சொல்லை எழுதி வைத்திருக்கிறார் என்று நீ பாட்டுக்கு அடிக்குறிப்பு எழுதிவிடாதே!

இன்னொன்று, கொம்பும் காலும் வரும் எழுத்துகள். பாமினியில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று கண்ணில் தெரியும் வரிசையில் மூன்று கீ தட்டுவோம். யூனிகோடில் க முதலில் நிற்கும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி அதன்பின் வரும். சில மாற்றிகள் சோம்பேறித்தனமாகக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் விட்டுவிடும். திரையில் ரெண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். புரை எடுத்த கண்ணால் பார்த்தாலும் வித்தியாசம் கிடையாது. ஆனால் 'கொண்டை' என்று தேடினால், சில புரோகிராம் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று கையை விரிக்கும். போன வருஷம் ஒரு வட்டாரச் சொல்லகராதிக்கு அகரவரிசை போட்டபோது பாதி 'கொ' ஒரு இடத்திலும் மீதி இன்னொரு இடத்திலும் போய் உட்கார்ந்துகொண்டன. ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எஃப்.-8 என்று இருக்கிறதா என்று பார். யூனிகோட் எழுத்தை ஃபைலுக்குள் பைட்டாக எழுதிவைக்கும் முறை அது. இப்போதைய விண்டோஸில் நோட்பேடு தானாகவே அதைத்தான் எடுக்கும். 2019-க்கு முந்தையதில் ஆன்சி என்று, தமிழுக்கு இடமில்லாத பழைய முறை கிடக்கும். அதில் தமிழைச் சேமித்தால் ஒரு எச்சரிக்கை வரும். நாம் எதையும் படிக்காமல் ஓகே தட்டுகிற ஜாதி. மறுபடி திறந்தால் பக்கம் பூராவும் கேள்விக்குறி. ஜே கே பி ஓ-வாவது திரும்பத் தமிழாகும், கேள்விக்குறி ஆகாது. ஒரு பெரியவர் எழுதிய பன்னிரண்டு பக்க முன்னுரையை இப்படித்தான் நான் தொலைத்தேன். அவர் திட்டவில்லை, மறுபடி உட்கார்ந்து எழுதினார். ரெண்டாவது முன்னுரை முதலாவதைவிடச் சின்னதாக இருந்தது.

இந்த யு.டி.எஃப்.-8 பிறந்த கதை உனக்குப் பிடிக்கும். 1992-ல் கென் தாம்சன், ராப் பைக் என்ற ரெண்டு கம்ப்யூட்டர் நிபுணர்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கணக்குப் போட்டார்கள். நாமும் டீக்கடையில் பஜ்ஜி மடித்த தாளில் எத்தனையோ லே-அவுட் போட்டோம், ஒன்றும் தேறவில்லை. அவர்கள் போட்ட கணக்குப்படி ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. அதனால் 'கொ' என்பது ஆறு பைட். காலும் கொம்பும் பிரிந்த போலி 'கொ' என்றால் ஒன்பது.

இனி லேப்டாப்பிலிருந்து போனுக்கும், அங்கிருந்து எனக்கும். இதற்கு எந்தப் பெரிய ஏற்பாடும் வேண்டாம். உன் மெயிலில் புது மெயில் திறந்து பாட்டை ஒட்டி, அனுப்பாமல் டிராஃப்டில் விட்டுவிடு. போனில் அதே மெயிலைத் திறந்தால் அங்கே இருக்கும். நான் பத்து வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அக்கா பையன் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறான். வாட்ஸ்அப்பில் உனக்கு நீயே அனுப்பிக்கொள்ளும் வசதியும் 2022-லிருந்து இருக்கிறது. ஆனால் பாட்டை அதில் அப்படியே ஒட்டாதே. ஒரு சொல்லின் ரெண்டு பக்கமும் நட்சத்திரக்குறி போட்டிருந்தால் அதைத் தின்றுவிட்டு எழுத்தைத் தடிமனாக்கிவிடும். நாலைந்து செய்தியைச் சேர்த்துக் காப்பி எடுத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும் பேரும் ஒட்டிக்கொண்டு வரும். டாக்குமெண்ட் என்று ஃபைலாகவே அனுப்பு.

நெட் இல்லாத மெஷின் என்றால் இன்னொரு வித்தை. பாட்டை கியூ.ஆர். கோடாகத் திரையில் போட்டுப் போன் கேமராவைக் காட்டு, வயரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஒரு கோடு அதிகபட்சம் 2953 பைட் தாங்கும். மூன்றால் வகுத்தால் தமிழுக்கு 984 குறி. சின்னத் தாலாட்டு ஒன்று அடங்கும். ஆனால் அவ்வளவு நிரப்பினால் கட்டங்கள் கடுகு மாதிரி ஆகிக் கேமரா திணறும், பாதியாக உடைத்துப் போடு.

அக்கா பையனின் வழியையும் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வான். லேப்டாப்பில் பைத்தான் என்ற புரோகிராம் மொழி இருந்தால் ஒரே வரி கட்டளையில் ஒரு ஃபோல்டரை வீட்டு வைஃபையில் திறந்துவிடலாம். போனின் பிரவுசரில் லேப்டாப்பின் ஐ.பி. எண்ணையும் 8000 என்ற போர்ட்டையும் அடித்தால் ஃபைல்கள் வரிசையாக நிற்கும். தொட்டால் இறங்கும். அந்த வைஃபையில் இருக்கிற யாருக்கும் அது தெரியும் என்பதால் வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். லாட்ஜ் வைஃபையில் முயற்சி பண்ணாதே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய உட்காராதே. முதலில் ஒரே ஒரு பாட்டை எடு, அந்தக் குறவை மீனும் வாய்க்கால் மடையும் வரும் நடவுப் பாட்டு. எக்ஸ்போர்ட், மாற்றி, யு.டி.எஃப்.-8, மெயில் என்று அதை மட்டும் கடைசி வரை கொண்டுவந்து எனக்கு அனுப்பு. நான் இங்கிருந்து போனில் படிக்கிறேன், நீ அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். மாமா அதை எப்படிப் பாடுவார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது அடியில் நீ 'மடை'யா 'மடி'யா என்று அடித்தாய் என்பதில் எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. முறுக்கு வாயில் இருந்ததால் கேட்கவில்லை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை

பி.கு.: பழைய கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்துவிடு. போன மாதம் நான் என்னுடையதைத் திறந்தபோது மதர்போர்டு மேலே பல்லி முட்டை நாலு இருந்தது.